பிலடெல்பியாவிலிருந்து வந்த கடிதம்

1774 ஒக்டோபர் 26ஆம் திகதி, பிலடெல்பியாவில் கூடியிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை கியூபெக் மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. பதினெட்டுப் பக்கம், பிரெஞ்சு மொழியில் 2,000 பிரதிகள். அச்சிட்டவர் பிரான்சிலிருந்து வந்து பிலடெல்பியாவில் தொழில் நடத்திய பிளரி மெஸ்ப்லே. மொன்றியலுக்கு அச்சுக்கூடம் வந்த கதை இந்தத் துண்டுநூலில்தான் தொடங்குகிறது.

அதே ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் கியூபெக் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. கத்தோலிக்க வழிபாட்டுக்கும் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்துக்கும் அது இடமளித்தது. மக்கள் தெரிவு செய்யும் சட்டசபையை மட்டும் தரவில்லை. கடிதம் கைவைத்தது அந்த இடத்தில். பிரதிநிதிகள் வழியான ஆட்சி, ஜூரி விசாரணை, காரணமின்றிச் சிறை வைக்கப்படாத பாதுகாப்பு, இலகுவான குத்தகையில் நிலம், பத்திரிகைச் சுதந்திரம் ஆகிய ஐந்து உரிமைகளை அது விளக்கியது. வாசிப்பவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவையே சாட்சிக்கு அழைத்தது.

கிராமங்களில் எழுத்தறிந்தவர் மிகச் சிலர். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். ஆனால் ஐந்து நாள் முன்னதாக அதே பேரவை பிரித்தானிய மக்களுக்கு எழுதிய இன்னொரு கடிதம், கத்தோலிக்க மதத்தைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. அதுவும் கனடாவுக்கு வந்து சேர்ந்தது. ஒரே வாய் இரண்டு விதமாகப் பேசியதைக் கண்டவர்கள் நட்புக் கடிதத்தை எப்படி நம்புவார்கள்? துண்டுநூல் எழுதியவர்களின் பெரும் பிழை இதுவே. கியூபெக் ஆயர் பிரியானும் கிளர்ச்சிக்காரரோடு சேர வேண்டாம் என்று மக்களைத் தடுத்தார்.

கடிதத்துக்குப் பின்னால் அமெரிக்கப் படை வந்தது. 1775 நவம்பர் 13ஆம் திகதி ஜெனரல் மொன்கொமரி மொன்றியலைக் கைப்பற்றினார். படையின் தலைமையகம் ஷாத்தோ ராமசே. இன்றைய மொன்றியலின் வில்லரே பகுதியிலுள்ள ஜாரி நிலையத்தில் ஆரஞ்சு மெட்ரோ ஏறி ஷாம்-து-மார்சில் இறங்கினால், அந்தக் கல்வீடு சில நிமிட நடையில் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அன்று நகரம் பெரும்பாலும் மதிலுக்குள் அடங்கியிருந்தது. வில்லரே மதிலுக்கு வெளியே, வெகு தொலைவில் இருந்த நாட்டுப்புறம்.

1776 ஏப்ரல் 29ஆம் திகதி பெஞ்சமின் பிராங்கிளினும் தோழர்களும் கனடியரைப் பேசி இணங்கவைக்க வந்தார்கள். படையிடம் வெள்ளிக்காசு இல்லை; காகிதப் பணத்துக்குத் தானியம் தர விவசாயிகள் மறுத்தார்கள். இரண்டு வாரம் முடியுமுன்னே பிராங்கிளின் திரும்பிவிட்டார். பேரவை அனுப்பிய மெஸ்ப்லே தன் அச்சுப்பொறியோடு வந்து சேர்ந்ததோ மே 6ஆம் திகதிதான். ஜூனில் படையும் பின்வாங்கியது. மெஸ்ப்லேயோ நகரிலேயே தங்கினார். பிரித்தானியர் சில வாரம் சிறையில் வைத்து விடுவித்தார்கள்.

அதன்பின் அவர் செய்ததே நிலைத்த வேலை. 1778 ஜூன் 3ஆம் திகதி மொன்றியலின் முதல் பத்திரிகையைத் தொடங்கினார். ஆசிரியர் வலன்தேன் ஜோத்தார், ஒரு வழக்கறிஞர். அரசியலும் மதமும் தொடுவதில்லை என்ற உறுதியோடு வந்த வாரப் பத்திரிகை, விரைவிலேயே நீதிபதிகளை விமர்சித்தது. 1779இல் ஆளுநர் ஹால்டிமண்ட் இருவரையும் சிறையில் அடைத்தார். விசாரணையே இன்றி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டார்கள். கடிதம் பேசிய மூன்றாவது உரிமை இங்கே இல்லாததன் விலை அது. விடுதலையான மெஸ்ப்லே 1785 ஆகஸ்ட் 25ஆம் திகதி, பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த 'மொன்றியல் கசெட்' இதழை வெளியிட்டார்.

1793இல் இன்னொரு துண்டுநூல் எல்லை கடந்தது. பிரெஞ்சுக் குடியரசின் தூதர் ஜெனே, கனடியரைக் கிளர்ந்தெழ அழைக்கும் ஒரு வெளியீட்டை அமெரிக்காவிலிருந்து பரப்பினார். அவருக்குத் துணை நின்றவர் மெஸ்ப்லேயின் பத்திரிகையில் பணியாற்றிய மொன்றியல் இளைஞர் மெசியேர். அமெரிக்காவிலும் பிரான்சை ஆதரிப்பதா என்ற கேள்வி கட்சிகளைப் பிளந்தது. ஜனாதிபதி வாஷிங்டனின் நடுநிலைப் பிரகடனத்தை ஹமில்டன் 'பசிபிக்கஸ்' என்ற புனைபெயரில் ஆதரித்து எழுத, மடிசன் 'ஹெல்விடியஸ்' என்ற பெயரில் மறுத்து எழுதினார்.

கடிதம் பேசிய சட்டசபை, கீழ்க் கனடா ஆன கியூபெக்குக்குக் கிடைத்தது லண்டன் இயற்றிய 1791 சட்டத்தால். முதல் தேர்தல் 1792இல் நடந்தது. மெஸ்ப்லே 1794 ஜனவரியில் காலமானார். அவர் தொடங்கிய 'கசெட்', இன்று ஆங்கிலத்தில் மட்டும், மொன்றியலில் வெளிவருகிறது.