குளிரில் திரும்பி வரத் தெரிந்தவர்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் மே மாதம் நம் குடியிருப்பிலிருந்து ஒரு குழு கேதார்நாத் கிளம்புகிறது. இன்னும் சிலர் டிசம்பரில் பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போகிறார்கள். "குளிரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். நான் டாக்டரும் இல்லை, மலையேறுபவனும் இல்லை. வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் துருவப் பயணிகளைப் பற்றிப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் நமக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது.

உடம்புச் சூட்டை ஒரு சேமிப்புக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் நடையும் வரவு. காற்று, ஈரம், களைப்பு எல்லாம் செலவு. உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி. 35-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. நடுவில் இருக்கும் இருப்பு இரண்டே டிகிரி.

முதல் பாடம், ஈரம். நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை முதலில் அடைந்தவர். அதற்குச் சில வருடம் முன்பு வட கனடாவில் நெட்சிலிக் இனுயிட் மக்களுக்கு அருகில் இரண்டு குளிர்காலம் தங்கியிருந்தார். அவர்களைப் பார்த்துத் தோலாடையைத் தளர்வாகப் போடக் கற்றுக்கொண்டார். வியர்க்கும் அளவுக்கு வேகமாக வேலை செய்யக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றார். வியர்வையில் நனைந்த துணி, வேலையை நிறுத்தியதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். கௌரிகுண்டிலேயே இருக்கிற ஸ்வெட்டரையெல்லாம் மாட்டிக்கொண்டு ஏற ஆரம்பிக்கிறோம். அடியில் பருத்தி பனியன். அது நனைந்தால் லேசில் காயாது. ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. சாக்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டாம். ரத்த ஓட்டம் குறைந்தால் விரல்தான் முதலில் மரத்துப்போகும்.

இரண்டாவது பாடம், கையிருப்பு. அமுண்ட்சென் வழியில் வைத்த உணவுக் கிடங்கைப் பனியில் தவறவிடாமல் இருக்க, அதன் இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கொடிகளை வரிசையாக நட்டார். மண்ணெண்ணெய் டின்களை ஈயம் வைத்து அடைத்தார். இங்கிலாந்தின் ஸ்காட் குழுவினர் டின்களுக்குத் தோல் வாஷர் போட்டிருந்தார்கள்; குளிரில் எண்ணெய் கசிந்து குறைந்தது. நாலு பேருக்கு என்று கட்டிய உணவோடு கடைசிக் கட்டத்தில் ஐந்து பேர் போனார்கள். பெரிய கிடங்கை, குதிரைகள் தளர்ந்ததால், திட்டமிட்ட இடத்துக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். 1912 மார்ச் கடைசியில் ஸ்காட்டும் மிஞ்சிய இருவரும் அந்தக் கிடங்குக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் கூடாரத்துக்குள் இறந்தார்கள். திட்டமிட்ட இடத்தில் வைத்திருந்தால் அதை அவர்கள் ஏற்கெனவே கடந்திருப்பார்கள். அவர்கள் தைரியத்தில் குறைவே இல்லை. இருப்புதான் போதவில்லை.

இங்கே எங்கள் கதையைச் சொல்லியாக வேண்டும். சில வருடம் முன்பு நானும் மனைவியும் கேதார்நாத் ஏறினோம். மாற்றுத்துணிப் பை கோவேறு கழுதையின் மேல் முன்னால் போய்விட்டது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. லிஞ்சோலி அருகே டீக்கடையில் உட்கார்ந்தபோது மனைவியால் கோட்டுப் பட்டனைக் கழற்ற முடியவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, நடங்க" என்கிறாள், நாக்கு குழறுகிறது. கடைக்காரர் பார்த்தவுடனே புரிந்துகொண்டார். உள்ளே கூட்டிப்போய், ஈரத்துணியை மாற்றி, ரஜாயில் சுற்றி, சர்க்கரை போட்ட சூடான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். தேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அதனால் மாற்றுப் பனியன், சாக்ஸ் இரண்டையும் பாலிதீன் கவரில் போட்டு உங்கள் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கடலை மிட்டாய், வெந்நீர் பிளாஸ்க். இருவர் இருவராக நடங்கள். நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், காரணமில்லாத எரிச்சல், இவற்றைப் பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். குளிர் மூளையையும் மந்தமாக்குவதால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது. உடம்பு சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் உடனே மருத்துவ உதவி தேடுங்கள். பிராந்தி கொடுக்காதீர்கள், அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூட்டை வெளியே விட்டுவிடும். மரத்த விரலைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். அக்குளில் வைத்துக்கொண்டால் போதும். உயரத்தால் வரும் தலைவலி, மூச்சுத்திணறல் வேறு விஷயம். அதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பாடம்தான் மிகக் கஷ்டமானது. 1909 ஜனவரி 9 அன்று ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வரை போய்விட்டார்கள். அதுவரை யாரும் போகாத தூரம். கணக்குப் போட்டுப் பார்த்தார். துருவத்தைத் தொடலாம், ஆனால் திரும்ப உணவு இருக்காது. திரும்பி நடந்தார். நாலு பேரும் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள்.

நாங்களும் அன்றிரவு அங்கேயே தங்கி மறுநாள் இறங்கிவிட்டோம். கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. "அவ்வளவு தூரம் போய் தரிசனம் பண்ணாமலா வந்தீங்க?" என்று கேட்காத உறவினர் இல்லை. மனைவிக்கும் மனசு ஆறவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில், சரியான துணியோடு, மெதுவாக ஏறி, இருவரும் சேர்ந்து சுவாமியைப் பார்த்தோம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற எண்ணம் மலையில் எல்லோருக்கும் வரும். கிளம்பும் முன்பே குழுவில் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரைத் தனியே விடாமல் யார் கூட இறங்குவது என்று. அந்தப் பெயரை இங்கேயே எழுதிவைத்துவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டிய பொருட்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை நடைப்பயிற்சியின்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போய் வாருங்கள்.