நம்ம வீட்டு வேலைக்கும் ஒரு நோட்டு வேண்டும்



நான் பெருமாள்மலை பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். முதியோரையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ள வருகிற பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லி தலைவி அக்கா சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்னெல்லாம் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்கள் கொடைக்கானல் பங்களாக்காரர்கள்தான். இப்ப அப்படி இல்லை. நம்ம பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். நாம பீன்ஸ் எடுக்கவும் காபிப்பழம் பறிக்கவும் போய்விட்டால், படுக்கையில் கிடக்கிற பெரியவர்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆளில்லை. எங்க மாமியாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஒரு அக்கா தங்கிப் பார்த்துக்கொள்கிறார். கீழே உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர். சம்பளம் கொடுக்கிறவர்தானே முதலாளி? அப்படிப் பார்த்தால் இன்றைக்கு நாமும் முதலாளிகள்தான்.

நம்ம மலைக்கு இப்படி வந்தவர்கள் புதிது இல்லை. 1964 அக்டோபர் 30-ல் நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அதில் பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து வாட்டில் மரம் வெட்டிப் பிழைத்தன. எங்க தாத்தா குடும்பமும் அப்படி வந்ததுதான்.

எங்கம்மா சின்ன வயதிலேயே கொடைக்கானலில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனார். அட்வான்ஸ் கொடுத்த வீட்டுக்காரர், தாத்தாவின் குடும்ப அட்டையை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்று எழுதின கணக்கே கிடையாது. அட்டை அவர் கையில் இருந்ததால் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவும் முடியவில்லை. "அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன், அந்தக் கணக்கைத்தான் மறக்க முடியல" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர்கள் அகதிகள். அவர்களின் முகாம்களை 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்கிறோம். நம்ம திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் 321 புது வீடுகள் திறந்தார்கள். வீடு வந்தது சந்தோஷம். ஆனால் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இதைத் தெரிந்துகொண்டே சிலர் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். எதிர்த்துக் கேட்டால் "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிறார்கள். ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வருகிற பெண்களுக்கோ பாஷையும் தெரியாது.

சகோதரிகளே, நம்ம குழுவில் நூறு ரூபாய் உள்கடன் கொடுத்தாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதனாலதான் யாரும் யாரையும் ஏமாற்ற முடியவில்லை. அதே பழக்கத்தை நம்ம வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், எந்தத் தேதி, அட்வான்ஸ் எவ்வளவு, மாதம் எவ்வளவு கழியும் என்று எழுதுங்கள். இரண்டு நோட்டு இருக்கட்டும், ஒன்று அவர்களிடம். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதற்குக் கீழே போகக் கூடாது.

ஆதார், முகாம் அட்டை, குடும்ப அட்டை எதையும் வாங்கி வைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். 2011-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைக்காரர்களுக்காக 189-ம் எண் உடன்படிக்கை போட்டது. அடையாளத் தாள்கள் அவரவர் கையில் இருக்க வேண்டும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது, ஆனால் இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. டெல்லி கையெழுத்துப் போடும்வரை நாம ஏன் காத்திருக்கணும்?

முகாம் பெண்களுக்குத் தணிக்கை நாள் உண்டு. அன்றைக்கு நேரில் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகலாம். அதனால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள். அன்றைக்கு ஒருநாள் வீட்டு ஆம்பளைங்க தங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நம்ம குளிர் தாங்காது. கம்பளியும் குளிக்கச் சுடுதண்ணியும் கொடுங்கள். படுக்க, உள்ளே தாழ்ப்பாள் உள்ள இடம் கொடுங்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து பெரியவர்களைத் திருப்பிப் போட்டவரைப் பகலில் தூங்கவிடுங்கள். தனி டம்ளர் நம்ம வீட்டில் வேண்டாம்.

யாராவது தவறாக நடந்தால், 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி வீட்டு வேலை செய்பவரும் மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். 181 என்ற எண்ணுக்கும் பேசலாம். இதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்கிறவர் வீட்டுக்காரம்மாவாக இருந்தால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

நம்ம உறுப்பினர்களிலேயே வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. இன்னும் பதியாதவர்களைக் கூட்டமைப்பு அழைத்துப் போய்ப் பதிய வேண்டும்.

இப்படிச் செய்தால் செலவு கூடுமே என்று சில அக்காமார் நினைக்கலாம். கூடத்தான் செய்யும். முழு நாள் ஆள் வைக்க முடியாவிட்டால் அரை நாள் வையுங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நேரம் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நம்ம கஷ்டத்தை அவர்கள் கூலியில் பிடிக்க வேண்டாம். நம்ம வீட்டுப் பொண்ணுங்களும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் இதே வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு கிடைக்க வேண்டும் என்று நாம சாமி கும்பிடுகிறோமோ, அப்படிப்பட்ட வீடாக நம்ம வீடு இருக்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி, ஆள் வைத்திருக்கிற ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு நோட்டு வாங்கிக் கொடுக்கக் கேட்டு அமர்கிறேன்.