ஒரு வளையமும் அரை மைதானமும்
(நமது சங்கத்தின் மகளிர் தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு "பெண்களும் விளையாட்டும்". தந்த நேரம் பத்து நிமிஷம். ஆகவே கூடைப்பந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் பெண்கள் கல்லூரிகளில் அது எப்படி வேர்பிடித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நம் பூங்கா மனைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளேயே விளையாடட்டும் என்று பழக்கூடை இரண்டைச் சுவரில் மாட்டினார். அதுதான் கூடைப்பந்து. அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோனார். பெண்கள் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று நினைத்த காலம். ஆகவே மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது என்று விதி வைத்தார். 1896-ல் ஸ்டான்போர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெண்கள் மோதினார்கள். பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டான்போர்டு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் புள்ளி!

அப்படித் தொடங்கியது எப்படி வளர்ந்தது? பணக்காரக் கல்லூரிகள்தான் வளர்த்தன என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குப் பதில்தான் இமாகுலேட்டா கல்லூரி.

பிலடெல்பியா நகருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்னப் பெண்கள் கல்லூரி அது. இருந்த விளையாட்டுக்கூடமும் தீயில் எரிந்துபோனது. 1970-ல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் பயிற்சியாளராக வந்தார். சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு அல்ல, ஒரு சீசனுக்கு. 1972-ல் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கான முதல் தேசியப் போட்டிக்குத் தேர்வானார்கள். போக வர காசு இல்லை. மாணவிகள் பல் துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். அதுவும் எட்டுப் பேர் போகத்தான் போதுமானதாக இருந்தது. அந்த எட்டுப் பேரும் கோப்பையோடு திரும்பினார்கள். 1973, 1974 ஆண்டுகளிலும் அவர்களே சாம்பியன். கன்னியாஸ்திரிகள் இரும்பு வாளியைத் தட்டிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார்களாம்.

இத்தோடு முடிந்திருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே விளையாடிய தெரசா கிரென்ட்ஸ் பிறகு பயிற்சியாளராகி, 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியையே நடத்தினார். இன்னொரு மாணவி மரியான் ஸ்டான்லி, வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். பெற்றதை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். பாரம்பரியம் என்பது அதுதான்.

டென்னசி பல்கலைக்கழகத்தில் பாட் சம்மிட் 1974-ல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 22. வேனை அவரே ஓட்டினார், வீராங்கனைகளின் சீருடையை அவரே துவைத்தார். 38 ஆண்டுகள் அதே இடத்தில் இருந்தார். 1,098 வெற்றிகள், எட்டு தேசியப் பட்டங்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அவரிடம் முழுக்காலமும் விளையாடி முடித்த மாணவிகள் அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். விளையாடினால் படிப்பு கெடும் என்ற பேச்சுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

சரி, அது அமெரிக்கா. நம் பக்கம் வருவோம். நம் ஸ்டேஷன் வழியாகப் போகும் மதுரை - குருவாயூர் ரயிலில் ஏறி, செங்கோட்டை மலையைத் தாண்டினால் சங்கனாச்சேரி வரும். அங்கே அசம்ப்ஷன் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்தான் கீது அன்னா ஜோஸ். இந்திய அணிக்கு விளையாடினார், ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு விளையாடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனார். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. இந்த இருவருக்கும் தெற்கு ரயில்வே வேலை தந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதுவும் முக்கியம்தானே?

இவ்வளவு பேரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விஷயம்தான் தேறுகிறது. தினமும் போய் நிற்க ஓர் இடம். விட்டுவிட்டுப் போகாத ஒரு பெரியவர். சின்னவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்தவள். பேங்கில் ஆர்.டி. கட்டுகிற மாதிரிதான். தொகை சிறியதாக இருக்கலாம், தவணை தவறக் கூடாது.

இப்போது நம் தெருக்களைப் பாருங்கள். ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பெண்பிள்ளைகள் பையன்களோடு சேர்ந்து ஓடுகிறார்கள். ஒன்பதாவது வந்ததும் ஒருத்தியும் வெளியே இல்லை. அவர்களுக்கு ஆசை போய்விட்டதா? இல்லை. நிற்க இடம் போய்விட்டது. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கல்லூரிக்குப் போகும்போது அங்கே மைதானம் இருக்கும், பயிற்சியாளர் இருப்பார். ஆனால் பதினெட்டு வயதில் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறவள் அணியில் இடம் பிடிப்பது கஷ்டம். கல்லூரியின் பாரம்பரியம் உண்மையில் தெருவில்தான் தொடங்குகிறது.

வரும் பொதுக்குழுவில், பூங்கா மனையில் கார் நிறுத்தக் கொட்டகை போட அனுமதி கேட்டு நகராட்சிக்கு மனு கொடுக்கும் தீர்மானம் வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். வெயிலில் வண்டி நிற்கிறது, தெருவும் குறுகல். ஆனாலும் ஓட்டுப் போடுமுன் ஒரு கணக்கைப் பாருங்கள். அரை மைதானத்துக்கு 14 மீட்டருக்கு 15 மீட்டர் இடம் போதும். ஒரு கம்பம், ஒரு பலகை, பத்தடி உயரத்தில் ஒரு வளையம், இரண்டு விளக்கு. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு விதி. மீதி இடத்தில் கொட்டகை போடுங்கள், நானே கை தூக்குகிறேன்.

விட்டுவிட்டுப் போகாத பெரியவர் யார் என்று கேட்பீர்கள். எனக்குப் பந்து விளையாடத் தெரியாது. ஆனால் மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று நோட்டில் எழுத முடியும். முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலைதான். நம் தெருக்களில் பள்ளியில், கல்லூரியில் விளையாடிய மருமகள்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் முன்வந்தால் போதும்.

ஆண்டுச் சந்தாவோடு தனியாக எதுவும் கேட்கவில்லை. பொதுக்குழுவுக்கு மட்டும் தவறாமல் வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டுப் பெண்ணையும் அழைத்து வாருங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டுக் கை தூக்குவோம்.