திண்மப் பற்றறியும் மெல்லிய பூச்சும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றதை இச்சபையில் எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிற்கு அம்மம்மாவின் கைத்தொலைபேசியே விளக்கு. இரவில் அதைத் தலையணைக்குக் கீழ் வைத்தே உறங்குவார். ஒருநாட் காலையில் அதன் முதுகு உப்பியிருக்கக் கண்டோம். "தம்பி, இது வெடிக்குமோ?" என்றார். அன்று எங்களால் ஒழுங்கான விடை கூற இயலவில்லை.

மிஷன் பாடசாலையில் எங்கள் ஆசிரியர் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள்ளிருந்து சோடியத் துண்டொன்றை எடுத்து நீரில் இட்டுக் காட்டுவார். அது சீறிக்கொண்டு ஓடும். இலிதியம் அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. உலோகங்களுள் மிக இலேசானது. பற்றறியின் இரு முனைகளுக்குமிடையே இலிதிய அயன்கள் நீந்திச் செல்ல ஒரு திரவம் வேண்டியிருக்கின்றது. உண்மையில் எளிதில் தீப்பற்றுவது அத்திரவமே. அதை அகற்றிவிட்டு, அயன்களுக்கு வழிவிடும் திண்மமொன்றை அவ்விடத்தில் வைத்தாலென்ன என்பதே திண்மப் பற்றறியின் எண்ணம்.

அத்தகைய திண்மமொன்றை 2007ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்திலிருந்து மூவர் அறிவித்தனர். அவர்கள் இராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெப்னர் என்போர். முதலிரு பெயர்களும் கொட்டாஞ்சேனையில் எவ்வீதியிலும் கேட்கக்கூடியவை என்பதைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை! இலிதியம், இலந்தனம், சேர்க்கோனியம், ஒட்சிசன் ஆகியவை கூடிய அப்பொருளின் அணுவமைப்பு, நவரத்தினங்களுள் ஒன்றாகிய கோமேதகத்தின் இனத்தைச் சார்ந்தது. அது தீப்பற்றாது.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. திரவம் மூலை முடுக்கெல்லாம் நிறைந்து ஒட்டிக்கொள்ளும். திண்மத்தோடு திண்மம் சேர்ந்தால் சில புள்ளிகளில் மாத்திரமே தொடும். இலிதியத்தை உருக்கி அக்கல்லின் மேல் ஊற்றினாலும், சேம்பிலையில் நீர் போலத் திரண்டு நின்றது. கல்லினுள்ளே அயன்களுக்கு நல்ல பாதை, வாசலிலோ பெருந்தடை.

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார், தங்கதுரையும் பங்குகொண்ட ஆய்வொன்றில், கல்லின் மேல் அலுமினிய ஒட்சைட்டை மிக மெல்லியதாகப் பூசிப் பார்த்தனர். அதன் தடிப்பைச் சில நனோமீற்றர்களிலேயே சொல்லவேண்டும். மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர். தூரிகையால் இதைப் பூச இயலாது. இரு வாயுக்களை மாறி மாறிச் செலுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகப் படியவைப்பர். பூசியதும் இலிதியம் கல்லில் நன்கு படர்ந்தது. வாசலின் தடை, ஓம் சதுர சென்ரிமீற்றர் அளவில், 1710இலிருந்து 1 ஆக வீழ்ந்தது!

எங்கள் குசினி அலுமினியச் சட்டிகளின் மேல் தானாகவே படிந்திருப்பதும் இதே ஒட்சைட்டுத்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது புளியைத் தடுக்க. இப்பூச்சு தடுப்பதற்கு அன்று, இணைப்பதற்கு. அலுமினிய ஒட்சைட்டு தனியே நின்றால் மின்னைக் கடத்தாது. உருகிய இலிதியத்தை ஓரளவு தன்னுள் ஏற்றுக்கொண்ட பின்னரே அயன்களுக்கு வழிவிடுகின்றது. பற்றறியின் மறுமுனையில், கந்தகச் சேர்வைத் திண்மங்களோடு, யப்பானியர் இதற்கு முன்னரே வேறு பூச்சுகளைப் பரீட்சித்து வெற்றி கண்டிருந்தனர்.

பூச்சே வேண்டியதில்லை என்போரும் உளர். ஈரக் காற்றுப் பட்டதும் கல்லின் மேல் இலிதியக் காபனேற்றுத் தோலொன்று உண்டாகின்றது. அதை நீக்கிவிட்டால் இலிதியம் தானே ஒட்டும் என்று அதே 2017இல் வேறோர் ஆய்வாளர் குழு காட்டியது. அதுவும் மெய்யே. ஆயினும் எங்கள் கடற்கரைக் காற்றை நினைக்கையில், தோலை உரித்துவிட்டு வெறுமனே விடுவதிலும், உரித்துப் பூசிவிடுவதே நன்றென்று எங்களுக்குத் தோன்றுகின்றது. இரசாயனம் கற்ற பெரியோர் இதை மறுக்கலாம், கேட்கக் காத்திருக்கின்றோம்.

வாசல் திறந்ததோடு வேலை முடியவில்லை. விரைவாக மின்னேற்றும்போது இலிதியம் கல்லின் நுண்ணிய பொருத்துகளூடே வேர்போல ஊடுருவி மறுபக்கத்தைத் தொட்டுவிடுகின்றது. தொட்டால் பற்றறி கெட்டுப்போகும். கைத்தொலைபேசிகளில் இன்றும் பெரும்பாலும் பழைய திரவமே உள்ளது. ஆகவே அம்மம்மாவுக்கு எங்கள் விடை: உப்பினால் உடனே மாற்றவேண்டும், உப்பாதிருந்தாலும் தலையணைக்குக் கீழ் வேண்டாம்.