வீட்டுக் கதையும் மேடைக் கதையும்

(சங்க ஆண்டு விழாவில் நாடகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் மன்னர் கதைகளை நடித்து மகிழ்ந்தோம். சேரன் வந்தான், சோழன் வந்தான், மரவாளும் காகித மகுடமும் வந்தன. நம் பாட்டனும் பாட்டியும் மட்டும் மேடைக்கு வந்ததில்லை. முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியதோடு அவர்கள் பங்கு முடிந்தது. இக்குறையை நீக்கச் சென்ற ஆண்டு ஒரு முயற்சியில் இறங்கினோம். அதில் நாங்கள் கற்ற பாடத்தையே இன்று கூற விழைகிறோம்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சில நம் காலனியில் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் கூட்டங் கூட்டமாகச் சென்று உழைத்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழம் மிக மிகப் பாறை வெடிப்பின் அச்சமும் மிகுந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏட்டைப் புரட்டினால் இவை கிடைக்கும். அவ்வூர் அடுப்பங்கரையின் செய்தி எந்த ஏட்டில் கிடைக்கும்?

அங்கு வாழ்ந்த மூதாட்டி ஒருவரை நாடிச் சென்றோம். வேளையல்லா வேளையில் சுரங்கச் சங்கு ஒலித்த ஒரு நாளைப் பற்றி அவர் கூறினார். கேட்டு வந்த நாங்கள், அடுக்குமொழியில் நீண்டதொரு புலம்பற் காட்சியைத் தீட்டி, பெருமிதத்துடன் அவரிடமே படித்துக் காட்டினோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் எங்கே தம்பி இப்படி அழுதேன்? அழ நேரம் ஏது? அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

நாங்கள் நாணினோம். எழுதியதைக் கிழித்தோம். எங்கள் பக்கம் பக்கமான புலம்பலில் இல்லாத துயரம் அந்த ஒரு பானைச் சோற்றில் இருந்தது அன்றோ! அன்று முதல் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். முதலில் கேட்பது, பேச்சை அப்படியே பதிவு செய்வது, காட்சியாக்கியபின் சொன்னவரிடமே படித்துக் காட்டுவது, அவர் வேண்டாம் என்பதை நீக்குவது. அம்மையார் ஒரு குடும்பச் சச்சரவை விடச் சொன்னார், விட்டோம். பெயரை மாற்றச் சொன்னார், மாற்றினோம். கதை அவருடையது, நாம் இரவல் பெற்றவர்களே.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் 1966-இல் பீட்டர் சீஸ்மன் என்பார், ரயில்வேத் தொழிலாளரின் நினைவுகளைப் பதிவு செய்து ‘தி நாட்டி’ என்னும் நாடகத்தை உருவாக்கினார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கால்கிட் என்னும் சிற்றூரார், 1992-இல் தங்கள் ஊர்க் கதைகளைக் கொண்டே ‘சுவாம்ப் கிரேவி’ என்னும் நாடகத்தைத் தொடங்கினர். பழைய பஞ்சுக் கிடங்கே அவர்களுக்கு அரங்கமாயிற்று; ஊராரே நடிகராயினர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் ஊருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

பெங்களூரில் கதைக்கா பஞ்சம்? 1809-இல் கண்டோன்மென்ட் எழுந்தபோது படையோடும் வணிகத்தோடும் வந்த தமிழர், 1898-இல் ஊரையே உலுக்கிய பிளேக் நோய், தலைமுறைகளை எழுப்பிய பின்னி மில்லின் சங்கு எனக் கதைகள் எத்தனை! 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிக் கலவரம் மூண்டதும் நம் நினைவில் உண்டு. அந்நாளில் கதவைத் திறந்து நம்மவர்க்கு இடமளித்த கன்னட அயலாரின் கதையும் நம் வீடுகளில் வழங்குகிறது. அதனை மேடையேற்றும் நாளில், அவ்வயலார் தம் பங்கைத் தம் கன்னடத்திலேயே பேச வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பெரியோர்களே! காலம் நமக்காகக் காத்திராது. நாங்கள் நாடிச் சென்ற முதியோருள் இருவர், நாங்கள் மீண்டும் செல்லுமுன் மறைந்தனர். அவர்கள் கதை அவர்களோடு போயிற்று. ஆதலின், இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வோர் இளைஞரும் தம் பாட்டியின் அருகில் அமர்ந்து, “அந்நாளில் என்ன நடந்தது?” என ஒரு கேள்வி கேளுங்கள். விடையை எங்களிடம் கொணருங்கள். அடுத்த ஆண்டு விழாவில் மகுடங்கள் பெட்டியில் உறங்கட்டும். நம் வீட்டார் மேடையில் பேசட்டும்.