முதல் பத்து நிமிடம் யாருடையது?

(முதலுதவிப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சியில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னை நீங்கள் வழக்கறிஞராகத்தான் அறிவீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு நான் அம்புலன்ஸ் வண்டியில் தொண்டூழியனாகப் போவது உங்களில் பலருக்குத் தெரியாது. ஏன் போகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் குடியிருப்பாளர் கூட்டம் நடந்தது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி தரும் உயிர்வாழும் உரிமையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். சுற்றி முப்பது பேர் இருந்தோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். வலிப்பு என்று நினைத்து இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அம்புலன்ஸ் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

உயிர்வாழும் உரிமையைப் பற்றிப் பேசிய எனக்கு, கண்ணெதிரே போன உயிருக்குச் செய்யத் தெரிந்தது பேச்சை நிறுத்தியது ஒன்றுதான். அடுத்த மாதமே பயிற்சியில் சேர்ந்தேன்.

தோழர்களே, இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமாக வண்டி ஓட்டினாலும் அந்த முதல் பத்து நிமிடம் எங்கள் கையில் இல்லை. பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. நெஞ்சின் நடுவில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு நாள் பயிற்சி போதும்.

நம் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம்? நம் பெற்றோர் தோட்டத்தில் வாழ்ந்தபோது, குறைகள் ஆயிரம் இருந்தாலும், டிரஸ்ஸர் ஐயா ஒருவர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அவர்களோடு டிரஸ்ஸர் ஐயா போகவில்லை. நோய் மட்டும் கூடவே போனது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் சுமார் 18 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நீரிழிவின் பின்னால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும்.

ஓர் இரவுப் பணியை மட்டும் சொல்கிறேன். நான்காவது மாடி. மின்தூக்கி பழுது. எழுபது வயதுப் பாட்டி. மலாய் மொழி அதிகம் வராது. "நெஞ்சு கரிக்குது தம்பி" என்றார். வயிற்றுப் புளிப்பு என்று பேரன் எங்களிடம் மலாயில் சொல்லிவிட்டான். அவன்மீது தவறில்லை. நான் தமிழில் கேட்டேன்: "பாட்டி, வலி தாடைக்கு ஏறுதா? வேர்த்துக் கொட்டுச்சா?" "ஆமாப்பா, சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றார். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில வேளை இப்படித்தான் வரும். குழுத் தலைவரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார வைத்து, படிக்குப் படி நின்று இறக்கினோம். மருத்துவமனையில் அவரை உடனே இதய நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் செய்தது பெரிய மருத்துவம் அல்ல. அவர் மொழியில் இரண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். வண்டியில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பது நம் மக்களுக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு என்று அன்று புரிந்தது. சீனப் பாட்டியின் வீட்டுக்குப் போகும்போது, அவர் மொழி தெரிந்த சக தொண்டூழியரை நானும் தேடுகிறேன்.

"உதவப் போய் வழக்கு வந்தால்?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வழக்கறிஞராகப் பதில் சொல்கிறேன். நம் குற்றவியல் சட்டத்தின் 92-ஆவது பிரிவைப் படியுங்கள். சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்யும் உதவி குற்றமாகாது என்பது அதன் சாரம். ஆனால், கவனமின்றிச் செய்ததை நல்லெண்ணம் என்று கொள்ள முடியாது என 52-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே பயின்றதைச் செய்யுங்கள், பயிலாததைத் தொடாதீர்கள். விபத்தில் விழுந்தவரின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். வலிப்பு வந்தவர் வாயில் கரண்டி வைக்காதீர்கள். மயங்கியவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாம் தொண்டு செய்வதால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. போதுமான அம்புலன்ஸ், ஓடும் மின்தூக்கி, நோயாளியின் மொழி தெரிந்த ஊழியர்கள், இவற்றைக் கேட்பது நம் உரிமை. "உங்களிடம்தான் தொண்டூழியர்கள் இருக்கிறார்களே" என்று யாராவது கை கழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்தூக்கி பழுதான அந்த நாலு மாடியை நான் கடிதமாகவும் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் பழுது பார்த்தார்கள். பாட்டியைத் தூக்கி இறக்கியதும் கடிதம் எழுதியதும் எனக்கு ஒரே வேலைதான்.

வீட்டுக்குப் போனதும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் புளோக் எண், மாடி, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 999-ஐ அழைப்பவர் பதற்றத்தில் தன் முகவரியையே மறந்துவிடுவார். அம்புலன்ஸ் வரும்போது ஒருவர் கீழே இறங்கி வாசலில் நின்று வழிகாட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூன்றாவது, செயின்ட் ஜான் அம்புலன்சிலோ செம்பிறைச் சங்கத்திலோ பெயரைப் பதிந்து தொடர்ந்து பயிலுங்கள். தூக்கம் கெடும், முதுகு வலிக்கும், சம்பளம் கிடையாது. எல்லாரையும் காப்பாற்றவும் முடியாது.

அந்தப் பெரியவர் விழுந்த கூட்டத்தில் முப்பது பேர் இருந்தோம். இன்று சான்றிதழ் வாங்கும் உங்களில் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால், அவருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அடுத்த கூட்டத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.