ஞாயிற்று விடியலும் இல்லற வாழ்வும்



பூமத்திய ரேகைக்கு அண்மையில் அமைந்த இலங்கையில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவினவாய் இருக்கின்றன. ஆதலின், கோடைகாலம் என்னும் சொல் வட இங்கிலாந்து மக்களின் உள்ளத்தில் எழுப்பும் ஆவலை இங்கு வாழ்வோர் உணர்தல் எளிதன்று. அங்கே யோர்க்‌ஷயர் மாநிலத்து லீட்ஸ் நகரில், ஆனி மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்னரே கதிரவன் எழுந்துவிடுகின்றான். இரவு ஒன்பதரை மணிக்குப் பின்னரே மறைகின்றான். மார்கழியிலோ பகல் எட்டு மணி நேரத்திலும் குறைவு. குளிரிலும் இருளிலும் அடைபட்டுக் கிடந்த மக்கள் கோடையின் ஒவ்வொரு மணியையும் செல்வம்போல் எண்ணிச் செலவிடுகின்றனர்.

அந்தச் செல்வத்தின்மேல் இருவர் உரிமை கோரும்போதுதான் இல்லத்தில் வழக்கு எழுகின்றது. துவிச்சக்கர வண்டிப் பந்தயங்கள் பெரும்பாலும் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களிலேயே நடைபெறுகின்றன. குழந்தையைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதற்கும், உற்றாரைக் காண்பதற்கும், தோட்டத்தைப் பேணுவதற்கும் உரிய மாதங்களும் அவையே. ஊதியம் பெறாது, ஆர்வம் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு போட்டியிடுவோரை அமெச்சூர் வீரர் என்பர். அவர் வாரம் முழுவதும் உழைத்தே வயிறு வளர்க்க வேண்டியவர். பயிற்சிக்குரிய நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பது? உறக்கத்திலிருந்தோ, குடும்பத்திலிருந்தோ அன்றி வேறு எங்கிருந்தும் எடுக்க இயலாது.

இங்கிலாந்தில் இச்சிக்கலுக்கு ஒருவகைத் தீர்வு தற்செயலாகவே அமைந்தது. 1894 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், நெடுஞ்சாலையில் விரைந்து சென்ற பந்தய வீரர்களைக் கண்டு வண்டிக் குதிரை ஒன்று மிரண்டது. வீரர்கள் சிலர் பள்ளத்தில் வீழ்ந்தனர். பொலிசார் சினங்கொண்டனர். வீதிப் பந்தயமே ஒழிந்துவிடுமோ என்ற நிலை ஏற்பட்டது. அப்பொழுது அவ்வோட்டத்தில் கலந்துகொண்டிருந்த பிட்லேக் என்பார் ஒரு வழி கண்டார். வீரர்கள் கூட்டமாக ஓடாது, ஒரு நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படுவர். ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு போட்டியிடுவர். முடிவில் குறைந்த நேரம் எடுத்தவரே வென்றவர். 1895 இல் தொடங்கிய இம்முறையே நேரச் சோதனை ஓட்டம் எனப்படுவது. ஓட்டங்கள் விடியற்காலையில் இரகசியமாக நடத்தப்பட்டன. பந்தய வழிகள் ஊர்ப்பெயரால் அன்றிக் குறியீட்டெண்களால் குறிக்கப்பட்டன. வீரர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை தரித்தனர்.

பொலிசாரின் கண்ணுக்குத் தப்புவதற்காக ஏற்பட்ட அவ்வழக்கம் குடும்பஸ்தர்களுக்குப் பெரும் பேறாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படுபவர் 25 மைல் ஓட்டத்தை ஏழு மணியளவில் முடித்துவிடலாம். தேநீர் அருந்தி, நண்பரோடு நேரங்களை ஒப்பிட்டுப் பேசி, மதிய உணவுக்கு முன்னரே வீடு திரும்பலாம். மனைவி மக்களுக்குரிய பகல் பெரும்பாலும் குறையாமலே எஞ்சுகின்றது. ஆயினும், கடிகாரத்தை மாத்திரம் திருத்தி அமைத்துவிட்டால் இல்லறமும் பந்தயமும் இணங்கிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண, யோர்க்‌ஷயரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை நோக்குதல் தகும்.

பெரில் பேர்ட்டன் 1937 ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் பிறந்தார். சிறுமியாய் இருக்கையில் வாதக் காய்ச்சலால் தாக்குண்டு, நெடுங்காலம் மருத்துவமனையிலும் உடல் தேறும் இல்லத்திலும் கிடந்தார். கடும் உழைப்பு ஆகாது என்று மருத்துவர் எச்சரித்தனர். பின்னர், தொழில் செய்த இடத்தில் சார்லி பேர்ட்டன் என்னும் இளைஞரைச் சந்தித்தார். சார்லி துவிச்சக்கர வண்டிக் கழக உறுப்பினர். 1955 இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1956 ஆம் ஆண்டு தை மாதத்தில் டெனிஸ் என்னும் பெண் குழந்தை பிறந்தது. அப்பொழுது தாய்க்கு வயது இருபதுகூட ஆகவில்லை.

முதலில் பந்தய வீரராய் இருந்தவர் கணவரே. மனைவி ஆரம்பத்தில் கழகத்தாரோடு சேர்ந்து செல்ல இயலாது பின்தங்கினார். சில வேளைகளில் மற்றவர் முதுகில் கைகொடுத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அவர்களோடு சமமாகச் சென்றார். மூன்றாம் ஆண்டில் யாவர்க்கும் முன்னே சென்றார். இதனைப் பிற்காலத்தில் பெருமையோடு எடுத்துரைத்தவர் சார்லியே. மனைவியின் ஆற்றல் தம்முடையதினும் மேம்பட்டது எனக் கண்டதும் அவர் தமது போட்டிகளை ஒதுக்கிவைத்தார். வண்டியைச் செப்பனிடுதல், மனைவியைப் பந்தய இடத்துக்கு அழைத்துச் செல்லுதல், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய பொறுப்புகளைத் தாமே ஏற்றார். 1950 களில் தொழிலாளர் குடும்பமொன்றில் இது சாதாரணமான செயலன்று. விளையாடப் போகும் கணவனுக்காக மனைவி வீட்டைக் காத்திருப்பதே அக்காலத்து வழக்கம். அவ்வழக்கத்தைச் சார்லி ஆரவாரம் எதுவுமின்றித் தலைகீழாக்கினார்.

1957 இல், குழந்தை நடை பழகும் பருவத்தில், தாய் தேசிய 100 மைல் ஓட்டத்தில் இரண்டாம் இடத்தைப் பெற்றார். 1959 இல், குழந்தைக்கு மூன்று வயதாகியபொழுது, பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஓடுதளத்தில் நடைபெறும் துரத்தலோட்டத்தில் உலக வெற்றிவீராங்கனையானார். அடுத்த ஆண்டு அதே பட்டத்தையும் வீதி ஓட்டப் பட்டத்தையும் ஒருங்கே வென்றார். மொத்தம் ஏழு உலகப் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன. 25, 50, 100 மைல் ஓட்டங்களின் சராசரி வேகத்தைக் கொண்டு ஆண்டுதோறும் தெரிவு செய்யப்படும் பிரித்தானியாவின் சிறந்த வீராங்கனை என்னும் சிறப்பை 1959 முதல் 1983 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து பெற்றார். 1984 வரை ஒலிம்பிக் விளையாட்டுகளில் பெண்களுக்குத் துவிச்சக்கர வண்டிப் போட்டி இருக்கவில்லை. ஆதலின் அம்மேடையில் ஏறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை.

இத்தனைக்கும் அவர் அமெச்சூராகவே இருந்தார். மோர்லிக் கழகத்தைச் சேர்ந்த நிம் கார்லைன் என்னும் வீரரின் பண்ணையில் கூலிக்கு உழைத்தார். அப்பகுதி ரூபார்ப் என்னும் கீரைவகைப் பயிருக்குப் பேர்போனது. அதன் தண்டுகளைச் சமைத்து இனிப்புப் பண்டம் செய்வர். குளிர்காலத்தில் கனத்த வேர்க்கட்டைகளை நிலத்திலிருந்து பெயர்த்து, இருட்கொட்டில்களுக்குள் கொண்டு சென்று வளர்ப்பர். அவ்வேலையே அவரது உடலுக்கு உரமூட்டியது எனலாம். பிழைப்பும் பயிற்சியும் ஒன்றாய் அமைந்தமையால் குடும்பத்திடமிருந்து பறிக்க வேண்டிய நேரம் ஓரளவு குறைந்தது.

1967 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் யோர்க்‌ஷயரில் பன்னிரண்டு மணி நேர ஓட்டம் ஒன்று நடைபெற்றது. குறித்த நேரத்துள் அதிக தூரம் செல்பவரே அதில் வென்றவர். ஆண்கள் அனைவரும் புறப்பட்ட பின்னரே பெண்கள் புறப்பட்டனர். ஆண்களுள் கடைசியாகச் சென்றவர் மைக் மக்நமாரா. அவருக்கு இரண்டு நிமிடம் பின்னால் பெரில் புறப்பட்டார். இருநூறு மைலுக்கு மேல் ஓடிய பின்னர் மக்நமாராவின் முதுகு அவர் கண்ணில் பட்டது. அவரைக் கடக்கும்பொழுது, ஏதேனும் கொடுத்துச் செல்லவேண்டும் என்று தோன்றியதுபோலும். சட்டைப்பையிலிருந்து அதிமதுர இனிப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி கூறி அதனை வாங்கி உண்டார். அன்று மக்நமாரா ஓடிய 276.52 மைல் ஆண்களுக்கான புதிய சாதனை. பெரில் ஓடியது 277.25 மைல். அத்தூரத்தை ஆண்கள் எட்ட 1969 வரை காத்திருந்தனர். பெண்களுள் எவரும் 2017 வரை எட்டவில்லை.

நேயர்களே, கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் இல்லறமும் பந்தயமும் இனிதே இணங்கின என்று கூறி மனநிறைவு அடையலாம். ஆனால் குழந்தைகள் என்றும் குழந்தைகளாய் இருப்பதில்லை.

பந்தய வீதியோரங்களில் வளர்ந்த டெனிஸ் தாமும் வீராங்கனையானார். 1972 இல் தாயும் மகளும் உலகப் போட்டிக்கான பிரித்தானியக் குழுவில் ஒருங்கே இடம்பெற்றனர். 1975 இல் மகள் துரத்தலோட்டத்தில் உலக அரங்கில் மூன்றாம் இடம் பெற்றார். 1976 ஆம் ஆண்டு தேசிய வீதி ஓட்டத்தின் இறுதிப் பாய்ச்சலில் தாயை முந்தி மகள் வென்றார். பரிசு மேடையில் வென்றவரின் கையைத் தாய் பற்றி வாழ்த்தவில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? காற்றைக் கிழித்து முன்செல்லும் பாரத்தில் தமக்குரிய பங்கை மகள் ஏற்கவில்லை என்று தாய் கருதினார். 1986 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அச்சம்பவத்தை அவரே மறையாது எழுதித் தமது செயல் முறையானதன்று என ஒப்புக்கொண்டார். ஆயினும் ஆழ்ந்து நோக்கின், காரணம் அந்த ஓர் ஓட்டத்தில் மாத்திரம் அடங்கியதன்று எனத் தோன்றும். எவரிடத்தும் தோற்க மறுக்கும் உறுதியே நோயுற்ற சிறுமியை உலகப் பட்டத்துக்கு உயர்த்தியது. பந்தயக் களத்தில் கூர்மையாய் இருந்த அவ்வுறுதி, எதிரில் நிற்பவர் தம் வயிற்றில் பிறந்தவர் என்பதனால் மழுங்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஓட்டத்தை வைத்து நேரத்தைப் பங்கிட்டுவிடலாம். கணவர் துணைநின்று வேலையைப் பங்கிட்டுவிடலாம். மனத்தைப் பங்கிடுதல் அத்துணை எளிதன்று.

எனினும் அக்குடும்பம் குலையவில்லை. 1982 இல் தாயும் மகளும் இருவர் மிதிக்கும் ஒரே வண்டியில் ஏறி, 10 மைல் தூரத்தை 21 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பிரித்தானிய சாதனை நிலைநாட்டினர். அவ்வகை வண்டியில் ஒருவர் முன்னே அமர வேண்டும்; மற்றவர் அவர் முதுகை நோக்கியே மிதிக்க வேண்டும். இருவர் கால்களும் ஒரே சங்கிலியில் பிணைந்திருத்தலால், ஒருவர் வேகத்துக்கு மற்றவர் இசைந்தே தீரவேண்டும். கைகொடாது பிரிந்த இருவர் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வாறு இசைந்து மிதித்தனர்.

1996 ஆம் ஆண்டு வைகாசி மாதத் தொடக்கத்தில், தமது ஐம்பத்தொன்பதாவது பிறந்தநாள் விழாவுக்கான அழைப்பிதழ்களை உற்றாருக்குக் கொடுப்பதற்காகத் துவிச்சக்கர வண்டியில் சென்றுகொண்டிருக்கையில் பெரில் மாரடைப்பால் உயிர் நீத்தார். மோர்லி நகரில் அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு. அவரது வாழ்க்கையைத் தழுவிய நாடகம் ஒன்று 2012 இல் பிரித்தானிய வானொலியில் ஒலிபரப்பாயிற்று.

இவ்வரலாறு இளங்குடும்பத்தார்க்கு உணர்த்துவது யாது? ஒருவர் விளையாட்டிலோ கலையிலோ உயர வேண்டுமாயின், அவர் பின்னால் குழந்தையைத் தோளில் சுமந்து மற்றொருவர் நிற்கின்றார். வெற்றிக் கிண்ணத்தில் அவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை. அப்பங்கை வீட்டுக்குள்ளேனும் வாய்திறந்து ஏற்றுக்கொள்வது போட்டியாளரின் கடமை. குழந்தை வளர வளர ஏற்பாடுகளும் மாறவேண்டும். மூன்று வயதில் பொருந்திய ஒழுங்கு இருபது வயதில் பொருந்தாது. தோல்வியை ஏற்கும் பயிற்சி வெற்றிக்குரிய பயிற்சியைவிடக் கடினமானது. அதனை வீட்டாரிடமே முதலில் பழகுதல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திச் செல்லும் இளந்தந்தையும் இளந்தாயும் இன்றும் உளர். அவர்கள் திரும்பி வரும்பொழுது கடிகாரம் காட்டிய நேரத்தை முதலில் கூறாது, குழந்தை எப்பொழுது விழித்தது என்று வினவுவாராயின், அவ்வீட்டின் கோடைகாலம் நன்றாகவே கழியும்.